மூடி கோணிய டப்பாக்கள்

மார்ச் 3

வீட்டு மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் உதட்டை எறும்பு கடித்துவிட்டது.

நீ நினைக்கிற மாதிரி இல்லை. எங்கேயும் விழுந்து கிடக்கவில்லை. காலை ஷிப்ட் முடித்துவிட்டு, மத்தியானம் என் அறையில், என் கட்டிலில், மரியாதையாகத்தான் படுத்திருந்தேன். விஷயம் என்னவென்றால், நாலைந்து மாதமாக என் உதடு உரிகிறது. ஒரு பக்கம் ஆறினால் இன்னொரு பக்கம் பொருக்கு எழும்புகிறது. உப்பு பட்டால் உயிர் போகிறது. கொட்டாவி விடுவதற்குக்கூட நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் நிற்பது ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வாசலில். பன் வெந்து வெளியே வந்ததும் அதன் தலையில் வெண்ணெயும் சர்க்கரைத் தண்ணீரும் கலந்து பிரஷ்ஷால் தடவுவோம். தடவினால் மேல்தோல் காயாது, வெடிக்காது, மூன்று நாளைக்குப் பளபளவென்று இருக்கும். அன்றைக்கு என் மூளை திடீரென்று வேலை செய்தது. பன்னுக்கு ஆகிறது உதட்டுக்கு ஆகாதா? அந்த பிரஷ்ஷால் உதட்டில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

எழுந்தபோது கண்ணுக்கு முன்னால் என் உதடு தெரிந்தது. அவ்வளவு வீக்கம். கூட இருக்கிற மாவு மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தூங்கும்போது மனுசனா இருந்தீங்க, எழும்போது வாத்தா எழுறீங்க?" என்று கேட்டார். இப்போது தொழிற்சாலையில் எனக்கு வாத்து என்றுதான் பெயர். சூப்பர்வைசர்கூட, "வாத்து, மூணாவது தட்டு கருகுது பாரு" என்கிறார். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீ லிப் பாம் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊரார் உதட்டுக்கு டப்பா மூடுகிறாய். வீட்டுக்காரன் உதட்டுக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?

இன்னொன்று. ஜூலை முதல் வாரம் அடுப்புக்குள் செங்கல் மாற்றுகிறார்கள். பத்து நாள் வேலை கிடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். நான் கிளம்பி ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. வரட்டுமா?

போனில் கேட்கலாம். நீதான் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
வாத்து

---

மார்ச் 14

வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. எறும்புக் கதையைப் படித்தேன். சிரிக்கவில்லை.

போன் ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். போனில் நீங்கள் சிரிப்பது கேட்கிறது. காகிதத்தில் கேட்பதில்லை.

எங்கள் கம்பெனியில் டப்பாவைச் சரிபார்க்கிற மேடத்திடம் கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் இவை. நாக்கால் உதட்டை அடிக்கடி நனைக்கிறீர்களா? எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுமாம். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்களா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்? உரிகிற தோலைக் கையால் பிய்க்கிறீர்களா, பல்லால் பிய்க்கிறீர்களா? சாப்பாட்டில் கீரை, முட்டை உண்டா? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

மூடி கோணலாகப் போன டப்பாக்களைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், எங்களுக்குத் தந்துவிடுவார்கள். நான்கு அனுப்பியிருக்கிறேன். புதினா வாசனை. வெண்ணெய் தடவ வேண்டாம்.

ஜூலை பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இவள்.

---

மார்ச் 27

மகாராணியின் சமூகத்துக்கு,

நான்கு டப்பாவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மூடியைத் திருகினால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறது. நம் கல்யாண போட்டோவில் என் தோள் இருக்கிற மாதிரி. ஒன்றைச் சட்டைப் பையிலும், ஒன்றைத் தலையணைக்கு அடியிலும், ஒன்றை அடுப்புப் பக்கத்து மாடத்திலும் வைத்திருக்கிறேன். அடுப்புப் பக்கம் வைத்தது உருகி எண்ணெயாகிவிட்டது. நான்காவதை இன்னும் பிரிக்கவில்லை. வேண்டுமென்றே பிரிக்கவில்லை.

பரீட்சைக் கேள்விகளுக்குப் பதில். மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு இத்தனை கேள்வி அதிகம்தான்.

நாக்கால் நனைப்பது: ஆமாம். அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற சூட்டுக்கு நாக்கு தானாக வெளியே வருகிறது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவது: மாவு மாஸ்டரிடம் விசாரித்தேன். "திறந்துக்கிட்டா? அண்ணே, உள்ள விளக்கு போட்டா வயிறு தெரியும்" என்கிறார். தண்ணீர்: காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு, நடுவில் டீ. டீயும் தண்ணீர்தானே? கீரை: ஆடு மாடு சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை: இல்லை.

கையா பல்லா என்று கேட்டாய். பல்தான். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டு அடுக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சும்மா இருக்கும்போது பல் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி முழுசாக வந்தால் ஒரு திருப்தி.

உன் டப்பாவைத் தடவினால் சுரீரென்று எரிகிறது. எரிந்தால்தானே மருந்து. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தடவுகிறேன். தடவும்போதெல்லாம் வீட்டு ஞாபகம்.

ஜூலைக்கு ரயிலில் இடம் இப்போதே பிடிக்க வேண்டுமாம். பிடிக்கட்டுமா?

இப்படிக்கு,
எட்டு வேளையும் மருந்து தடவுகிறவன்

---

ஏப்ரல் 6

பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி.

எப்படி உங்களால் அதை எழுத முடிந்தது? பேனா நிற்கவில்லையா?

அன்றைக்குக் காலையில் அவள் சமையலறை வாசலில் நின்றாள். காய்ச்சல் என்றாள். பதின்மூன்று வயதுப் பெண், உதடெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து உரிந்து நிற்கிறாள். "தாகமா இருக்குப்பா, குடிச்சாலும் நிக்கல" என்றாள். நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "யாரும் பக்கத்துல போகாதீங்க, பாம்பு சட்டை உரிக்குது. கணக்குப் பரீட்சை முடிஞ்சா தானா சரியாயிடும்." அவள் சிரித்தாள். சிரித்ததில் கீழுதடு பிளந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தது. நீங்கள் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வேலைக்குப் போனீர்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ், "நேத்தே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். நீங்கள் அப்போது வாசலில் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலும் ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

உங்களைப் போகச் சொன்னது நான்தான். நீங்கள் உடனே கிளம்பிவிட்டீர்கள். அதற்கும் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். என்ன என்று இப்போது ஞாபகம் இல்லை.

ரயிலில் இடம் பிடிக்க வேண்டாம். ஜூலையில் வர வேண்டாம்.

டப்பா இரண்டு இதோடு இருக்கிறது. குப்பையில் போடப் போனார்கள், எடுத்து வந்தேன். அவ்வளவுதான்.

---

மே 2

உனக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரியில் ஏதாவது கேலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் கூப்பிடுவதில்லை, அதுவாக வருகிறது. இந்தத் தடவை வந்தாலும் விட்டுவிடுவது என்று எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த வாரத்தில் உதடு ரொம்ப மோசமாகிவிட்டது. ஓரமெல்லாம் பிளந்து, உதட்டைத் தாண்டித் தாடை வரைக்கும் சிவந்துவிட்டது. பன்னில் ரத்தம் பட்டால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் தோல் டாக்டரிடம் அனுப்பினார். பெண் டாக்டர். என் மகள் வயதுதான் என்று எழுத வந்தேன். இல்லை, அவ்வளவு சின்னப் பெண் இல்லை.

"என்ன தடவுறீங்க?"

"லிப் பாம், டாக்டரம்மா."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ?"

"எட்டு. இப்போ பத்து, பன்னெண்டு."

"எரியுமா?"

"நல்லா எரியும்."

"எரியுதுன்னா நிறுத்தணும்னு தோணலையா?"

"எரிஞ்சாத்தானே மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

முதுகில் சின்னச் சின்ன வட்டமாக ஏதேதோ ஒட்டி, குளிக்காமல் இரண்டு நாள் இருக்கச் சொன்னார். பிறகு பிரித்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார். ஒரே ஒரு வட்டம் மட்டும் கொப்புளமாகச் சிவந்திருந்தது. புதினா வாசனை. அது என் உடம்புக்கு ஆகாதாம். பல் தேய்க்கிற பேஸ்ட்டில் கொஞ்சம் இருந்திருக்கிறது. அதில் ஆரம்பித்து, நாக்கு கொஞ்சம், பல் கொஞ்சம், அடுப்புச் சூடு கொஞ்சம் என்று சேர்ந்து, கடைசியில் டப்பா வந்து மொத்தமாகக் கொளுத்திவிட்டது.

"இதை எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"வாங்கல. வீட்டுலருந்து வருது."

"முதல்ல இதை நிறுத்துங்க. வேற எதுவும் வேண்டாம். வாசனையில்லாத ஜெல்லி ஒண்ணு எழுதித் தர்றேன், அது மட்டும் போதும்."

சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று, பையிலிருந்து உன் டப்பாவை எடுத்துத் தடவிக்கொண்டேன்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் தடவுகிறேன். காலையில் தடவினேன். இதை எழுதுவதற்கு முன்னாலும் தடவினேன். மாவு மாஸ்டர், "உங்களுக்கென்ன கிறுக்கா அண்ணே?" என்று டப்பாவைப் பிடுங்கி ஒளித்து வைத்தார். நான் அவருடைய பெட்டியைக் குடைந்து எடுத்துவிட்டேன். இத்தனை நாள் கூட இருக்கிற மனுசனோடு சண்டை போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். இந்த இரண்டு வருடத்தில் நீ எனக்கென்று எடுத்து, காகிதத்தில் சுற்றி, விலாசம் எழுதி அனுப்பியது இது ஒன்றுதான். வர வேண்டாம் என்று எழுதின கடிதத்தோடுகூட இரண்டு வைத்திருந்தாய். அதை ஆகாது என்று எப்படித் தூக்கி எறிவது?

அன்றைக்குக் காலையில் நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. அந்தச் சொல் போன கடிதத்தில் எப்படி வந்து விழுந்தது என்று தெரியவில்லை. நான் எழுதியதை நான் திரும்பப் படிப்பதில்லை. படித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

வாட்ச்மேன் என்னிடம், "உள்ள யாரு?" என்று கேட்டார். மகள் என்று சொல்ல வந்தேன். வாய் வரவில்லை. வேறு ஏதோ சொன்னேன், அவர் சிரித்தார். பயந்தால் எனக்கு இப்படித்தான் ஆகும். உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நானும் சொன்னதில்லை.

ஜூலைக்கு ரயில் இடம் பிடிக்கவில்லை.

---

மே 19

சில்லுவின் அப்பாவுக்கு,

இந்தப் பெயரை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. அவள் பிறந்த நாளிலிருந்து நான் உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னைச் சில்லு அம்மா என்றுதான் கூப்பிடுவீர்கள். அவள் போன பிறகு நம் இரண்டு பேருக்குமே பெயர் இல்லாமல் போய்விட்டது. நீங்கள் மகாராணி என்கிறீர்கள், வாத்து என்கிறீர்கள். நான் எதுவும் சொல்வதில்லை.

முதலில் உதடு. டப்பா எல்லாவற்றையும் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். பிரிக்காத நான்காவதையும் சேர்த்து. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லக் கூடாது. பல்பொடிக்கு மாறுங்கள், வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். டாக்டர் தந்த ஜெல்லியைச் சாப்பிட்ட பிறகும் படுக்கும்போதும் தடவுங்கள். அடுப்பு வாசலில் ஈரத்துணி கட்டிக்கொள்ளுங்கள். டீ தண்ணீரில் சேராது. தோல் தொங்கினால் தொங்கட்டும், தானாக விழும். பல் உதட்டுப் பக்கம் போனால் வாயில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அதற்கா பஞ்சம்?

பல்லால் பிய்ப்பது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில். பச்சை நாற்காலிகள் வரிசையாக இருக்குமே, அங்கே. இரண்டாவது நாள் நீங்கள் சட்டைக் காலரால் வாயைத் துடைத்தீர்கள், காலரில் ரத்தம் இருந்தது. அதற்கு முன்னால் உங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் காலையில் நானும் சிரித்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்குவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். அவள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள், அம்மா காப்பாற்றுவாள் என்று. நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கஞ்சி கொடுத்தேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு பகல் முழுக்க என் கையில் இருந்தது. உங்கள் கையில் ஐந்து நிமிஷம்தான்.

நீங்கள் ஒரு தடவையாவது, "நீயும் வீட்டில்தானே இருந்தாய்" என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்டால் சண்டை போடலாம் என்று வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. அது எனக்கு இன்னும் கோபம்.

இதில் சாவி ஒன்று வைத்திருக்கிறேன். பூட்டு மாற்றிவிட்டேன், பழையது சேராது. ஜூலை மூன்றாம் தேதி எனக்குக் காலை ஷிப்ட், நாலு மணிக்குத்தான் வருவேன். சாவியைத் திருகும்போது கொஞ்சம் தூக்கித் திருக வேண்டும். அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும். நான் வந்த பிறகு திறக்கலாம்.

டப்பா இனி வராது.

சில்லு அம்மா

---

ஜூன் 11

சாவி வந்ததா இல்லையா? வந்தால் வந்தது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? உதடு எப்படி இருக்கிறது?

---

ஜூன் 20

சில்லு அம்மாவுக்கு,

வந்தது. எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை, அதனால்தான்.

டப்பா ஆறையும் போட்டுவிட்டேன். மாவு மாஸ்டர் கூடவே வந்து நின்று, குப்பை வண்டி போகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்ல அண்ணே" என்றார். முதல் வாரம் உதடு இன்னும் உரிந்தது. பிறகு உரிவது குறைந்தது. இன்றைக்குப் பதினெட்டாவது நாள், ரத்தம் இல்லை. டீயில் உதட்டை வைத்தேன், எரியவில்லை. அதற்குப் போய் அழுதேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, கை சுட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீயும் வீட்டில்தானே இருந்தாய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சத்தியமாக. அவளுக்குக் கஞ்சி கொடுத்தது நீ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சிரித்தது எனக்குக் கேட்டது. படியிறங்கும்போது கேட்டது. வீட்டில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் இறங்கிப் போனேன்.

ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. கழிவறைக்குப் பக்கம். மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வந்துவிடுவேன்.

சில்லு அப்பா

---

ஜூலை 3, காலை 11.20

சில்லு அம்மாவுக்கு,

இந்தச் சீட்டை உன் கதவுக்கு அடியில் தள்ளி வைக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு மேலே வா.

பத்து மணிக்கே வந்துவிட்டேன். கீழே படிக்கட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏறினேன். நம் கதவில் அவள் ஒட்டின படம் இன்னும் இருக்குமோ, கிழித்திருப்பாயோ என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். இரண்டில் எதைப் பார்ப்பதற்கும் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, படியை மட்டும் பார்த்து ஏறினேன். அதனால் நம் இரண்டாவது மாடி வந்ததும் நிற்காமல் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

கதவைப் பார்க்காமலே சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. நீ எழுதியிருந்தபடி கொஞ்சம் தூக்கித் திருகினேன். அப்போதும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். சாவி உடைந்தது.

ஒரு பாதி என்னிடம் இருக்கிறது. இன்னொரு பாதி மூன்றாவது மாடிக்காரர்கள் பூட்டுக்குள் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், உள்ளேயிருந்தும் திறக்க வரவில்லையாம். மொத்தம் நான்கு பேர். ஒருவர் பன்னிரண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டுமாம். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.